எல்லா வீட்டிலும் ஒரே கை

எங்கள் வீட்டுச் சுவர்கள் லாரியில் வந்தன. இதைச் சொன்னால் என் அக்கா இன்றைக்கும் சிரிப்பாள். செங்கல் வரும், மணல் வரும், ஜல்லி வரும், அப்புறம் மெதுவாக வீடு எழும்பும். அதுதான் ஊர் வழக்கம். எண்பதுகளின் கடைசியில், அயனம்பாக்கம் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் காலனி வந்தபோது சுவரே முழுசாக வந்து இறங்கியது. ஜன்னலுக்கு ஓட்டை, சுவிட்சுக்குக் குழி எல்லாம் அதிலேயே இருந்தது. கிரேன் தூக்கி நிறுத்தும், ஆட்கள் மூலையில் நீட்டியிருக்கும் கம்பிகளுக்கு வெல்டு வைத்து இடுக்கில் சிமெண்டை அடைப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது வெறும் பொட்டலாக இருந்த இடத்தில், கொஞ்ச நாளில் வீடு நின்றுகொண்டிருக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து சொசைட்டி வைத்துக் கட்டிக்கொண்ட காலனி அது. என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. "பூச்சு வேலையே கிடையாது, தடவிப் பாரு, கண்ணாடி" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்துச் சுவரைத் தடவ வைப்பார். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும் என்பதையும் ஒரு பெருமையாகவே சொல்வார். எனக்கு என்னவோ தீப்பெட்டிக்குள் குடிவந்த மாதிரி இருந்தது. மத்தியான வெயிலில் சுவர் இணைப்புகள் டக் டக்கென்று சத்தம் கொடுக்கும். யாரோ விரல் முட்டியால் தட்டுவது போலவே இருக்கும். வெயிலுக்குக் கான்கிரீட் விரியுது என்பார் அவர். விரியட்டும், அதற்கு ஏன் என்னைக் கூப்பிட வேண்டும்?

குடிவந்து கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம் வெயில் சாய்ந்து ஹால் சுவரில் விழுந்தபோதுதான் அதைப் பார்த்தேன். என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சுவர் லேசாகப் புடைத்திருந்தது. முதலில் ஏதோ கட்டி என்று நினைத்தேன். கிட்டே போனால் ஐந்து விரல். சின்னக் குழந்தையின் உள்ளங்கை, ரேகையெல்லாம் தெரிகிறது. பதிந்து போன கை என்றால் பள்ளமாக இருக்க வேண்டும். இது வெளியே துருத்திக்கொண்டிருந்தது. சுவருக்குள் ஒரு குழந்தை நின்றுகொண்டு, இந்தப் பக்கம் வர வழி தேடிக் கையை ஊன்றித் தள்ளுகிற மாதிரி. அந்த உயரத்தில் எந்தக் குழந்தையும் கை வைக்க முடியாது. இடுப்பில் என் மகள், அப்போதுதான் நடக்கப் பழகியவள், அதைப் பார்த்துக் கையசைத்தாள்.

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அயனம்பாக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த குடும்பம் அவர்களுடையது. அந்த அக்கா நான் சொல்வதை முழுசாகக் கேட்டார். ஹாலுக்குக் கூட்டிப் போய், மைதாப் பசையால் ஒட்டியிருந்த முருகன் காலண்டரின் அடி முனையைத் தூக்கிக் காட்டினார். அதே இடம், அதே உயரம், அதே கை.

"உன் ஊட்லயுமா கீது? நான் எங்க ஊட்ல மட்டும்தான்னு வாய மூடிகினு கீறேன்" என்றார்.

அடுத்த வீட்டில் மாதா படம். அதற்கடுத்த வீட்டில் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டர். காலனி முழுக்க எல்லார் வீட்டிலும் ஹாலில் அதே இடத்தில்தான் ஏதாவது ஒட்டியிருந்தது! ராசியில்லாத வீடு என்று பேர் வந்துவிடுமே என்று ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கையைத் தாங்களே மறைத்து, அடுத்தவர் வீட்டுக் காலண்டரைச் சந்தேகப்படாமல் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும்தான் ஒன்றும் ஒட்டவில்லை. கண்ணாடிச் சுவரில் பசை பட வீட்டுக்காரர் விட்டால்தானே.

விஷயம் வெளியே வந்த பிறகு யாருக்கும் நிம்மதி இல்லை. ஒரே அச்சில் ஊற்றிய சுவர், அச்சில் ஏதோ பழுது, அவ்வளவுதான் என்றார்கள் ஆண்கள். சொல்லிவிட்டு அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார்கள். பிள்ளைகளோ அதற்கு அக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, அக்கா கூப்பிடுகிறாள் என்று பிதற்றியதும் காலனியே ஆடிப்போனது.

போதாக்குறைக்கு ஒரு பெண் வர ஆரம்பித்தாள். ஆண்கள் ஷிப்டுக்குப் போன மத்தியான நேரமாகப் பார்த்து வருவாள். ஒல்லியான உடம்பு, சிமெண்ட் அரித்த விரல்கள். கேட்டுக்கு வெளியே நின்று தண்ணீர் கேட்பாள். சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் நம் தோளுக்கு மேலாக ஹாலைப் பார்ப்பாள். பார்த்து முடித்ததும் சொம்பை அப்படியே கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். அவள் வந்து போனால் பெண்கள் வாசலில் உப்பைச் சுற்றிப் போட்டார்கள்.

சொசைட்டிக் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. வருகிற சனிக்கிழமை கொத்தனாரை வரவழைத்து எல்லா வீட்டிலும் அந்தக் கையைப் பேர்த்தெடுத்துப் பூசிவிடுவது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. மகள் தினமும் அந்தச் சுவரைப் பார்த்துக் கையசைப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அதற்கு முதல் நாள் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கேட்கவில்லை.

"அத்தப் பேத்துடப் போறீங்களாமே?"

"எதை?"

கையை நீட்டி ஹாலைக் காட்டினாள். காட்டும்போது அங்கே பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அது என் பொண்ணு கைம்மா."

போய்விடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பாரிவாக்கம் பக்கம்தான் இந்தச் சுவர்களை ஊற்றிய இடம். அவள் அங்கே சித்தாள். தோசைக்கல்லில் மாவு ஊற்றுகிற மாதிரி, வழவழப்பான ஒரு சிமெண்டுத் தளத்தின்மேல் எண்ணெய் தடவி, படுக்கைவாக்கில் சுவரை ஊற்றி, காய்ந்ததும் தூக்கி நிறுத்துவார்கள். எங்கள் ஹால் சுவருக்கு என்று புதுத் தளம் போட்டு ஈரமாக இருந்தபோது, அவள் மகள் தவழ்ந்து வந்து அதில் கையை ஊன்றிவிட்டாள். தளத்தில் பள்ளமாக விழுந்தது, அதில் ஊற்றுகிற ஒவ்வொரு சுவரிலும் புடைப்பாக எழும்பும். காய்ந்தபின் அடைத்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சிரித்துவிட்டுப் போய்விட்டார். தளம் நன்றாகக் காய்வதற்குள், கான்கிரீட்டை ஊறப்போடும் தண்ணீர்த் தொட்டியில் குழந்தை விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் எல்லாரும் வேலையாக இருந்தார்களாம்.

"அப்ப மேஸ்திரி அந்தப் பள்ளத்தை அடைக்கலையா?"

"அடைச்சாரு. ஒவ்வொரு தபாவும் அடைச்சாரு. தளத்துக்கு ஆயில் தடவுறது என் வேலம்மா. ஊத்துறதுக்கு முந்தி யாரும் பாக்காம நோண்டி எடுத்துடுவேன். எடுத்துட்டு வெரல் வெரலா ஆயில் வெப்பேன். எம்பொண்ணுக்கு எண்ண தேச்சி உட்றா மாதிரி."

கேட்டுக் கம்பியைத் தடவிக்கொண்டே மேலும் சொன்னாள்.

"எத்தினி ஊடு கீதோ அத்தினி ஊட்லயும் இருக்கட்டும்னுதான். எல்லார் ஊட்லயும் கொழந்த கீது, சோறு கீது. எவளாச்சும் ஒருத்தி பாத்துக்குவா இல்ல?"

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். செத்த பிள்ளையைத் தெரிந்தே என் வீட்டுக்குள் அனுப்பியிருக்கிறாளே, என் குழந்தை இங்கே வளர்கிறதே என்று உடம்பு பதறியது. கதவைச் சாத்திவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் கேட்டைச் சத்தம் வராமல் சாத்தி, தாழ்ப்பாள் விழுந்ததா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள். உள்ளே குழந்தை இருக்கிற வீடு என்று பார்த்தாள் போல. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அன்றைக்கே வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பியது என் முட்டாள்தனம். பழுது என்று நினைத்தபோது இருந்த பயம், பிள்ளை என்று தெரிந்ததும் பத்து மடங்கானது. பக்கத்து வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாவம்தான், ஆனா எனக்கும் பேரப்புள்ள கீது இல்ல?" என்றார். சனிக்கிழமை விடிந்ததும் கொத்தனாரை முதலில் அவர் வீட்டுக்குத்தான் கூப்பிட்டார்கள். காலனி முழுக்க உளிச் சத்தம்.

எங்கள் வீட்டுக்குக் கொத்தனார் வந்தபோது நான் மகளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவரோடு சாய்ந்து நின்றேன்.

"நகருக்கா, ரெண்டு தட்டு தட்னா வந்துரும்" என்றார் கொத்தனார்.

"நகர மாட்டேன்."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நம்ம வீட்டுல மட்டும் விட்டு வெச்சா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

"உங்க கண்ணாடிச் சுவர்ல உளி வெக்கணும்னா என்னைத் தாண்டி வையுங்க."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. தலைக்கு மேலேயிருந்து அந்தக் கை இறங்கி என் கொண்டையைத் தொடுகிற மாதிரி இருந்தது. அப்படியும் நகரவில்லை. இவளோடு வாய் கொடுத்து மீள முடியாது என்று அவர் கொத்தனாரை அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு வெகுநாள் அவர் அந்த ஹாலில் தூங்கவில்லை.

அவள் அடுத்து வந்தது அடைமழைக் காலத்தில். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒவ்வொரு கேட்டிலும் நின்று எட்டிப் பார்த்தாள். எல்லா ஹாலிலும் வறட்டி அளவுக்குப் புதுப் பூச்சு. பார்க்கப் பார்க்க அவள் நடை மெதுவானது. எங்கள் கேட்டில் அவள் நிற்கவே இல்லை. இங்கேயும் இருக்காது என்று முடிவு செய்துவிட்டாள். நான் மழையில் இறங்கி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். ஈரப் புடவையோடு ஏறினாள். வலது கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்தச் சின்ன உள்ளங்கையின்மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். அழவில்லை. நெற்றியைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மழை விட்டு, மறுபடி பிடித்தது. என் மகள் தரையில் விளையாடியபடியே தூங்கிவிட்டாள்.

"சூடா கீதும்மா" என்றாள் திடீரென்று, திரும்பாமல்.

அவள் போன பிறகு பயத்தோடு நானும் ஸ்டூலில் ஏறினேன். நாள் கணக்காகப் பெய்த மழையில் சுவர் முழுக்க ஐஸ் போலச் சில்லிட்டிருந்தது. அந்தக் கை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவு நேரம் அவள் பிடித்துக்கொண்டு நின்றாளே, அந்தச் சூடு. கையை எடுத்தால் அதுவும் ஆறிவிடும் என்று நான் எடுக்காமல் நின்றேன்.