டிக் அடிக்காத கட்டம்

என் அண்ணி பள்ளிச் சீருடை தைப்பவள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தூங்கிவிடுகிற ரகம். துணிக்கடைக்காரர்கள்கூட அவளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவள் அன்று வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை மூன்று முறை தப்பாக எழுதிக் கிழித்தாள்.

பெயிண்டரான என் அண்ணன் முந்தின நாள் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். வலது கையிலும் கட்டு. நாலு மணிக்குள் முன்பணம் கட்டினால் மறுநாள் காலையே ஆபரேஷன், இல்லாவிட்டால் அடுத்த வாரம்தான். அவ்வளவு நாள் தள்ளினால் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார் டாக்டர்.

கவுண்டரில் இருந்த அதிகாரியம்மா, பணம் எடுக்கும் சீட்டைத் திருப்பித் தந்தார்.

"ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்மா."

"கணக்கு எங்க ரெண்டு பேர் பேர்லயும் இருந்தா யார் வேணா எடுக்கலாமே மேடம்!"

"அதுக்கு வேற கட்டத்துல டிக் அடிச்சிருக்கணும்."

கணக்குத் தொடங்கியபோது கொடுத்த பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். 'இருவரும் சேர்ந்து' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. அதன் கீழே, 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"எல்லாம் இந்த மனுஷனாலதான்! 'உயிருடன் இருப்பவராமே, இவங்களுக்கு வாயில நல்ல வார்த்தையே வராதா'ன்னு மேல இருந்ததுல அடிச்சாரு. அது வெறும் ஃபாரம்ங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். கேட்டாத்தானே! பயந்தாங்கொள்ளி!"

அதிகாரியம்மாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. "நானே ஆஸ்பத்திரிக்கு வந்து இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கிக்கறேன். ஆனா அவர் முழிச்சிருக்கணும். எதுக்கு வைக்கிறோம்னு அவர் வாயாலயே சொல்லணும்."

ஆஸ்பத்திரிக்கு ஓடினால், அண்ணன் வலி ஊசி போட்டுக்கொண்டு அடித்துப்போட்டது போலத் தூங்குகிறான். மணி மூன்று. அண்ணி அவன் காதருகே "என்னங்க, என்னங்க" என்று கெஞ்சினாள். மூன்றேகால். அதிகாரியம்மா மை டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை அவன் முகத்தில் கொட்டிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

மூன்றரைக்குக் கண் திறந்தான்.

"இது எதுக்குன்னு தெரியுதா சார்?"

"என் இடுப்புக்கு," என்றான். "வேற எதுக்கு, ஊர் சுத்தவா?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரேகை வைத்தான். அதிகாரியம்மா கிளைக்கு ஃபோன் போட்டார். பணம் நேராக ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் போனது. நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ரசீது கையில்.

அதிகாரியம்மா பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். "இனிமே ஒருத்தர் கையெழுத்தே போதும்னு மாத்திக்கலாம். கீழ இருக்கற கட்டத்துல ஒரு டிக், ரெண்டு பேர் ஒப்புதல். அவ்வளவுதான்."

"அடி," என்றான் அண்ணன். "அன்னிக்கு நான்தான் முட்டாள்." அதிலும் ரேகை வைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

அண்ணி பேனாவை வாங்கிக் கட்டத்தின் மேல் கொண்டுபோனாள். வாசகத்தை ஒருமுறை படித்தாள். பேனா அங்கேயே நின்றது.

"அவர் வீட்டுக்கு வரட்டும் மேடம். அப்புறம் அடிச்சுக்கறேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பைத்தியமா அண்ணி உங்களுக்கு? நாளைக்கே வேற செலவு வந்தா மறுபடி இதே கூத்துதானே?"

"அப்ப நீ அடி," என்று பேனாவை என்னிடம் நீட்டினாள்.

கட்டிலில் அண்ணன் அசையாமல் கிடந்தான். நான் பேனாவை வாங்கவில்லை.