வேலை நடக்கிறது, உள்ளே வராதீர்

அவருடைய சொந்தப் பெயர் பூங்காவில் யாருக்கும் தெரியாது. 'விசில்' என்றால் தெரியும். துறைமுகத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் இருபத்திரண்டு வருஷமாகக் காவலாளி. புல்லில் யாராவது கால் வைத்தால் போதும், காது கிழிய ஊதிவிடுவார். தண்ணீர்க் குழாயோடு குறுக்கே நடந்த தோட்டக்காரம்மாவையே ஊதி நிறுத்திய மகராசன். அன்றிலிருந்து இருவரும் கீரியும் பாம்பும்தான்.

போன வருஷம் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து, இடது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று.

"மெத்துனு இருக்கிற தரையில தினம் நடக்க வைங்க. இப்ப விட்டா அப்புறம் கஷ்டம்" என்றார் டாக்டர்.

லீவு நாளெல்லாம் பூங்கா பூங்காவாகக் கூட்டிக்கொண்டு அலைந்தார். கடற்கரைப் பூங்காவில் மணல், கால் புதைந்தது. கலங்கரை விளக்கத் தோட்டத்தில் ஏகப்பட்ட படி. ரோஜாத் தோட்டத்தில் சரளைக்கல். நல்ல புல் அவருடைய பூங்காவில்தான் இருந்தது. ஆனால் ஊருக்கொரு நியாயம், தன் வீட்டுக்கொரு நியாயமா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

விஷயம் எப்படியோ தோட்டக்காரம்மா காதுக்கு எட்டிவிட்டது.

"புல்லு என்ன உங்க அப்பன் வீட்டுதா அண்ணே? நான் வளர்க்கிறது. நாளைக்குக் காலைல அண்ணியக் கூட்டிட்டு வாங்க."

"சட்டம்னு ஒண்ணு இருக்கே."

"அத நான் பாத்துக்கறேன்."

மறுநாள் போனால், புல்வெளியில் நீளமாக ஒரு துண்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. அதில் ஒரு பலகை: 'வேலை நடக்கிறது, உள்ளே வராதீர்.'

"வேலை ஆளு உள்ள போகலாம்ல? அண்ணிக்கு நடக்கிறதுதான் வேலை" என்றாள்.

அவர் பலகையை இன்னொரு தடவை படித்தார். இந்த மனுஷியையா இத்தனை நாள் முறைத்துக்கொண்டிருந்தோம்!

"அன்னைக்கு உன்னைப் பாத்து ஊதினது..."

"அத நான் இன்னும் மறக்கலண்ணே. மொதல்ல அண்ணி கையப் பிடிங்க."

மூன்று மாதம் அந்தப் பலகை இறங்கவே இல்லை. மனைவி விழுந்தாள், எழுந்தாள், அவரைத் திட்டினாள், மறுபடி நடந்தாள். ஒரு நாள் காலை, ஊன்றுகோலைக் கயிற்றில் சாத்திவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தனியாகப் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, இவ்வளவு தூரம் புல்லை மிதிச்சிருக்கேன். ஊத மாட்டீங்களா?"

மூச்சை எல்லாம் சேர்த்து ஊதினார். பூங்கா முழுக்கப் புல்லில் நின்றவர்கள் பதறிப் பாதைக்கு ஏறினார்கள், குழாயும் கையுமாகத் தோட்டக்காரம்மா உட்பட. புல்லின் மேல் நின்றது அவர் மனைவி ஒருத்திதான்.