பிஜிக்காரனுக்கு வைத்த ரக்பிப் பரீட்சை

2023 அக்டோபர் 15, ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்றரை மணி. ரங்கூன் பபேடானில் நல்ல வெயில். ஆற்றுப்பக்கம் மட்டும் கறுத்திருந்தது. மழைக்காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததால், குடையை எடுத்து உள்ளே வைக்க நான் விடவில்லை.

அதே நேரம் பிஜியில் இரவு ஏழு மணி. அங்கிருந்து ஒரு பையன் என் பேத்தியின் கைபேசியில் வந்து, அவளைக் கட்டிக்கொள்ள என்னிடம் சம்மதம் கேட்பதாக ஏற்பாடு. இருவரும் கணக்காளர் தேர்வுக்காக இணையத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒரு வருடப் பழக்கம். நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. என் மகன் மலேசியாவில் வேலை செய்கிறான். "நீங்க பாத்துச் சொல்லுங்கப்பா, உங்க முடிவுதான்" என்று முழுப் பாரத்தையும் என் தலையில் வைத்துவிட்டான்.

எனக்கு அந்தப் பையன்மேல் துளியும் நம்பிக்கை இல்லை. திரையில் முகம் காட்டி, கல்யாணம் பேசி, ஆளையும் பணத்தையும் சேர்த்துக் கொண்டுபோகிற கூட்டங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். பிஜியில் இருக்கிறேன் என்று சொல்கிறவன் பக்கத்து மாநிலத்தில் ஒரு பூட்டிய கட்டடத்துக்குள் உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் அவன் பிஜி என்று சொன்னது அவனுடைய துரதிர்ஷ்டம் என்றே நினைத்தேன். என் தாத்தா ரங்கூனுக்குக் கப்பல் ஏறியபோது, அவருடைய தம்பி மதராஸில் பிஜிக்குக் கப்பல் ஏறினார். அதற்குப்பிறகு ஒரு தகவலும் இல்லை. 2007இல் தற்செயலாகத் தொலைக்காட்சியைத் திருப்பினேன். ரக்பி உலகக் கோப்பையில் பிஜி அணி வேல்ஸ் அணியை 38–34 என்று வென்று காலிறுதிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தின் விதி ஒன்றும் எனக்குத் தெரியாது. சின்னத் தீவு, பெரிய நாட்டைக் கவிழ்த்துவிட்டது. நம் ஆட்கள் போய்ச் சேர்ந்த மண். அன்றிலிருந்து அது என் அணி.

அதன் கணக்கு முழுவதும் என் மனத்தில் இருக்கிறது. 1987இல் முதல் கோப்பையிலேயே காலிறுதி. 1995இல் தகுதியே பெறவில்லை. 2019இல் உருகுவேயிடம் மூன்று புள்ளியில் மானக்கேடு. இந்த 2023இல் வேல்ஸிடம் தோல்வி, ஆஸ்திரேலியாவை 22–15 என்று வெற்றி, ஜார்ஜியாவை வெற்றி, போன வாரம் போர்ச்சுகலிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. நான்கு ஆட்டத்தில் போட்டது 88, விட்டது 83. ஐந்து புள்ளி லாபத்தில் காலிறுதி. அன்று இரவு இங்கிலாந்தோடு ஆட்டம். ஆகஸ்டில்தான் அதே இங்கிலாந்தை அதன் சொந்த மைதானத்தில் பிஜி முதல்முறையாக ஜெயித்திருந்தது. ஆகவே வாய்ப்பு உண்டு என்பது என் கணிப்பு. நடுவர்களைத்தான் நம்பவில்லை.

"மூணே கேள்வி கேப்பேன். மூணும் ரக்பி. பிஜிக்காரனா இருந்தா தூக்கத்துலகூடச் சொல்லுவான்" என்றேன் பேத்தியிடம்.

"சொல்லிட்டா?"

"அவன் நெசமான ஆளுன்னு ஆச்சுன்னா, டிக்கெட்டே நான் எடுத்துத் தரேன்."

"அம்மா, நீங்க சாட்சி!" என்று அவள் சமையற்கட்டைப் பார்த்துக் கத்தினாள். மருமகள் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

பையன் திரையில் வந்தான். கறுப்பு, நல்ல பல்வரிசை. பின்னால் இருந்த ஜன்னல் இருட்டாக இருந்தது, அது சரி. சுவர்க் கடிகாரம் ஏழு பத்து காட்டியது. அது பத்து நிமிடம் அதிகம். வணக்கம் என்பதைத் தமிழில் சொன்னான். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

"2007இல் பிஜி யாரை வென்று காலிறுதிக்குப் போனது?"

அவன் பேத்தியைப் பார்த்தான். "ரக்பியிலா? ஆஸ்திரேலியாவா, தாத்தா?"

"எந்த உலகக் கோப்பையில் பிஜி ஆடவே இல்லை?"

"அப்படியும் ஒன்று இருக்கிறதா?"

"போன வாரம் ஒரு புள்ளியில் தோற்றது யாரிடம்?"

இதற்கு அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "தெரியும். திங்கட்கிழமை எங்கள் ஆபீசே இழவு வீடு மாதிரி இருந்தது. போலந்துதானே?"

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அதற்குள் அவனுடைய அப்பா, வழுக்கைத் தலையும் பனியனுமாகத் திரைக்குள் புகுந்தார். "ரக்பி அவர்களுடைய ஆட்டம், ஐயா. அந்த மண்ணுக்காரர்கள் ஆடுவது. கரும்புக் காட்டுக்கு வந்த நம் ஆட்களுக்கு எப்போதும் கால்பந்துதான்" என்றார். அதோடு நிற்கவில்லை. தன் ஊர் கால்பந்து அணி எந்தெந்த ஊரை எப்படி அடித்தது, தன் முழங்கால் எந்த ஆட்டத்தில் போனது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லத் தொடங்கினார். கேட்காத கேள்விக்கு இவ்வளவு பதில் எதற்கு என்று என் சந்தேகம் இன்னும் கூடியது. சிக்னல் சரியில்லை என்று சொல்லி அணைத்துவிட்டேன்.

"மூணுக்கு மூணும் தப்பு. இவன் பிஜியும் இல்ல, கிஜியும் இல்ல."

"அமலே!" என்று பர்மியில் அலுத்துக்கொண்டாள். "தாத்தா, இது என்னா கேள்வி? நம்ம ஊரு குத்துச்சண்டையில போன வருசம் யாரு ஜெயிச்சதுன்னு அவரு உங்ககிட்ட கேட்டிருந்தா?"

"எனக்கு என்னா தெரியும்? நான் அதெல்லாம் பாக்குறதில்ல."

"அப்ப நீங்க பர்மாக்காரர் இல்லியா?"

"வாய் ஜாஸ்தி உனக்கு."

அவள் அழவில்லை. என் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "போட்டாதாங்ல மூட்டை எண்ணின கதையை ஆயிரம் வாட்டி சொல்லியிருக்கீங்க. ஒரு மூட்டைகூடக் கொறையாம, ஒண்ணுகூடக் கிழியாம கணக்கு வந்தா என்னா பண்ணுவீங்க?"

நான் முப்பத்தொரு வருடம் அந்தப் படகுத்துறையில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவன். என்ன செய்வேன் என்பது அவளுக்குத் தெரியும். அரிசிப் படகில் நேர்மையான சரக்கு எப்போதும் கொஞ்சம் முன்பின்னாகத்தான் வரும். ஒன்று நனைந்திருக்கும், ஒன்று பிரிந்திருக்கும். காகிதத்தில் இருப்பது அப்படியே இறங்கினால், காகிதத்தைப் பார்த்து யாரோ சரிக்கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி வந்தால் மொத்தத்தையும் திரும்ப எண்ணச் சொல்வேன்.

"திருட்டுப்பய உக்காந்திருந்தா உங்க மூணு கேள்விக்கும் போன்லயே பாத்து டக் டக்குனு சொல்லியிருப்பான். புள்ளி சுத்தமா சொல்லியிருப்பான். இவரு போலந்துங்குறாரு!"

அவள் சொன்னது சரியான கணக்குதான். ஆனாலும் விட மனமில்லை. "அது எப்படி, நம்ம ஆளுக ஆடவே மாட்டாங்களா? ஒண்ணு ரெண்டு பேராவது இருப்பான்."

"நீங்கதான எல்லாத்தையும் எண்ணுவீங்க. எண்ணுங்க."

அன்று இரவு ஆடப்போகும் பிஜி அணியின் பட்டியலை எடுத்துக் கைபேசியை என் கையில் வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரலால் தள்ளினேன். ஆட்டத்துக்கு இறங்குகிறவர்கள் பதினைந்து, மாற்று ஆட்கள் எட்டு. இருபத்துமூன்று பெயர்கள். ஒரு முதற்பெயர் மட்டும் நம் பக்கத்துப் பெயர்போல இருந்தது. அங்கே விரலை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

"அதுவும் அவங்க ஊரு பேருதான் தாத்தா. கூட வர்ற பேரைப் படிங்க."

படித்தேன். அது நம்முடையது இல்லை.

பழைய பட்டியலையும் கேட்டேன். 2007 ஆம் வருட அணியை எடுத்துக் கொடுத்தாள். அதிலும் இல்லை. பதினாறு வருடமாகப் புள்ளி புள்ளியாகக் கூட்டி வைத்திருக்கிறேன்; யார் ஆடுகிறார்கள் என்று ஒருநாளும் பெயரைப் படித்ததில்லை. தாத்தாவின் தம்பி வழியில் யாராவது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவான் என்று நானாகவே வைத்துக்கொண்டது. அங்கே கப்பல் ஏறிப் போனவர்களின் பேரப்பிள்ளை எப்படி இருப்பான் என்று கேட்டால், சற்றுமுன் திரையில் முழித்தானே, அவனைப்போல்தான் இருப்பான்.

"கடிகாரம் பத்து நிமிசம் ஃபாஸ்ட்டு. அதைக் கேட்டியா?" என்றேன். வேறு ஒன்றும் மிச்சமில்லை.

"கேட்டுச் சொல்றேன்" என்று சிரித்தாள்.

மறுநாள் காலையில் கணக்குப் பார்த்தேன். பதினான்கு புள்ளி பின்தங்கிக் கிடந்தவர்கள் எழுந்துவந்து 24–24 என்று சமன் செய்திருக்கிறார்கள். பிறகு இங்கிலாந்து இரண்டு உதையில் ஆறு புள்ளி எடுத்து 30–24. நம் ஆட்கள் ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகும் எனக்குக் காப்பி இறங்கவில்லை. நடுவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இன்றைக்கும் உண்டு. அடுத்த கோப்பை 2027இல் ஆஸ்திரேலியாவில் நடக்கிறது, பிஜிக்குப் பக்கம். அப்போது பார்க்கலாம்.

அன்றே பையனை அழைத்துச் சம்மதம் சொன்னேன். அவன் அதற்குள் எங்கேயோ படித்துவிட்டு, "வேல்ஸ், 38–34, தாத்தா" என்றான். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மொத்தத்தையும் திரும்ப எண்ணச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

கல்யாணம் அங்கே கோயிலில். என் மகன் மலேசியாவிலிருந்து நேரே போய்ச் சேர்வதாக முடிவானது. ஜனவரியில் பேத்தியோடு டிக்கெட் ஏஜெண்டிடம் போனேன். "போற டிக்கெட் மட்டும் போதும் தாத்தா, நான் அங்கதான இருக்கப் போறேன்" என்றாள். அதெல்லாம் யார் கண்டது. ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்தேன். ரசீதை அங்கேயே நின்று மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒன்றேதான் வந்தது. ஐம்பத்தெட்டு லட்சத்து நாற்பதாயிரம் கியாட்.