ஒழுங்கைக்குள் நகர்ந்த மதில்

வீதிக்காக மதிலை அகற்றச் சொன்ன பிரதேச சபையின் கடிதம் சத்தியபாமாவை "காணி உரிமையாளரின் அதிகாரம் பெற்ற பிரதிநிதி" என்று விளித்திருந்தது. வேலணையிலுள்ள அந்தக் காணியில் அவருக்கு இருந்த அதிகாரமெல்லாம் குறோட்டன்களுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஆடுகளைத் துரத்துவதும்தான். உரிமையாளர் மயில்வாகனம் சுவிஸில் இருந்தார். சத்தியபாமாவும் கணவர் அம்பலவாணரும் அவருடைய வீட்டின் பின் அறையில், அவர் தயவில் இருந்தார்கள்.

வீட்டு முன்னால் போகும் குறுகிய ஒழுங்கைக்குக் காபெட் வீதி வேண்டுமென்று எல்லாரிலும் உரக்கக் கேட்டவர் மயில்வாகனம். தார் பரப்பும் இயந்திரம் நுழைய இடம் விடாமல் நின்றதும் அவருடைய மதில். முன்பு அங்கே வேலி இருந்தது. வேலி அடைக்கும்போதெல்லாம் கதியால் தடிகள் ஒரு சாண் ஒழுங்கைப் பக்கம் நகரும். எல்லாரும் நகர்த்தியதால் யாரும் கேட்பதில்லை. பிறகு வெளிநாட்டுக் காசு வந்தது. நகர்ந்த இடத்திலேயே சீமெந்துக் கல் எழும்பியது, தூணில் கமராவும் ஏறியது.

சென்ற மாரியில் அம்பலவாணருக்கு நெஞ்சு நொந்தபோது அம்புலன்ஸ் மதிலைத் தாண்ட முடியாமல் ஒழுங்கை முகப்பில் நின்றுவிட்டது. கதிரையில் வைத்துத் தூக்கிப்போனார்கள். அடுத்தமுறை அவ்வளவு நேரம் தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

தார்க்கலவை லொறி வந்த காலையில் மேற்பார்வையாளர் தயாபரன் படலையடியில் நின்றார்.

"அக்கா, தார் ஆறினால் ஒண்டுக்கும் உதவாது. மதிலில நாங்கள் கை வைக்க ஏலாது. நீங்கள் இடிச்சுத் தந்தால் சரி, இல்லாட்டி அடுத்த ஒழுங்கையில கொட்டிப்போட்டுப் போயிடுவன்."

"கொஞ்சம் பொறும் தம்பி."

அதற்குள் சுவிஸிலிருந்து போன் அடித்தது.

"பாமா, கமராவில பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். ஒருத்தரும் மதிலைத் தொடக்கூடாது."

"அண்ணை, றோட்டுக் கேட்டது நீங்கள்தானே?"

"றோட்டுத்தான் கேட்டனான். என்ர காணியை எடுக்கச் சொல்லேல்லை."

"மதில் உங்கடதுதான். அது நிக்கிற நிலம் ஒழுங்கை. நீங்கள் சொல்லச் சொல்லக் கதியாலைத் தள்ளி நட்டது என்ர மனுசன்தானே, அண்ணை."



"நீர் ஆரின்ர வீட்டில இருக்கிறீர் எண்டதை மறந்திடாதையும்."

"மறக்கேல்லை அண்ணை."

லொறியிலிருந்து எழுந்த ஆவி மெலிந்துகொண்டிருந்தது. தயாபரன் சாரதிக்குக் கை காட்டினார். லொறி பின்னோக்கி நகரத் தொடங்கியது. உள்ளே அம்பலவாணர் இருமினார்.

கமராவின் சுவிச் பின் அறையில்தான் இருந்தது. சத்தியபாமா அதை அணைக்கவில்லை. கணவர் கதியாலுக்குக் குழி தோண்டிய இரும்பு அலவாங்கை எடுத்துவந்து, கமராவுக்கு முன்னாலேயே மதிலை இடித்தார்.