இடி மார்க்கும் கொக்கு மார்க்கும்

அந்த ராணுவ முகாமில் கமாண்டரிலிருந்து சமையற்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'வாத்தியார்'தான். நேருக்கு நேர் மோதலில் கத்தியை எப்படிப் பிடிப்பது, எதிராளியின் கத்தியிலிருந்து எப்படித் தப்புவது என்று வீரர்களுக்குப் பழக்குவது அவர் வேலை. ஆள் வாசற்படியில் குனிந்துதான் நுழைவார். கை ஒவ்வொன்றும் முறம். குரல் மட்டும் தூங்கும் குழந்தைக்கு அருகில் பேசுவதுபோல இருக்கும்.

ஒருமுறை முகாமுக்குப் புதிய சண்டைக் கத்தி வாங்க முடிவானது. எந்தக் கம்பெனி என்று சொல்லும் பொறுப்பு வாத்தியார் தலையில் விழுந்தது. மாதிரிக்கு மூன்று வகை வந்தன, வகைக்கு நாலைந்து கத்தி. ஒன்று கண்ணாடிபோல் பளபளத்தது. "இருட்டுல நாமளே எதிரிக்கு விளக்குக் காட்டணுமா?" என்று அதை ஓரங்கட்டினார். அடுத்தது இடி மார்க். பெரிய பெயரெடுத்த கம்பெனி. மூன்றாவது கொக்கு மார்க். யாரும் கேள்விப்படாத சின்னப் பட்டறை.

"கொக்கா? மீன் வெட்ட வாங்கலாம்," என்றார் ஸ்டோர் கீப்பர்.

வாத்தியாரும் சிரித்தார். ஆனால் பெயரைப் பார்த்து எடைபோடுகிற ஆள் இல்லை அவர். இரண்டையும் பட்டறை இடுக்கியில் இறுக்கி வளைத்தார். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். கைப்பிடியைப் பிளந்து, உள்ளே இரும்பு கடைசிவரை ஓடுகிறதா என்று பார்த்தார். கத்தி நழுவி விழுகிறதா என்று அறிய, உறையைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார். எதிலும் இடி மார்க் ஒரு மயிரிழை முன்னால் நின்றது. "பேர் சும்மா வரல சார்," என்று கமாண்டரிடம் மனதாரச் சொன்னார்.

அன்று மாலை, கூர் மழுக்கிய இடி மார்க் கத்தி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போனார். அவர் மனைவி கையுறை தைக்கும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், சோப்புக் கையோடேயே அதை வாங்கி மரப்பலகையில் ஓங்கிக் குத்தினாள். கை வழுக்கி அலகின் மேலேயே ஓடியது.

"கூர் இருந்திருந்தா என் விரல் போயிருக்கும்," என்றாள்.

"நீ சரியாப் பிடிக்கல."

"பிடிக்கவே முடியல. விரல் சுத்தி வரமாட்டேங்குது. உங்க கையளவுக்கு எங்க கம்பெனியில கையுறை தைக்கறதே அபூர்வம், தெரியுமா? ஊர்ல பாதிப் பேர் கை என் கை மாதிரிதாங்க."

வாத்தியார் தன் கையிலும் சோப்பைப் பூசிக் குத்திப் பார்த்தார். அவர் கை அசையவில்லை. மேசையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. மனைவி கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, தனியாகச் சாப்பிட்டு முடித்தாள்.

காலையில் முதல் வேலையாகக் கமாண்டர் அறைக்குப் போனார். "நான் சொன்னது தப்பு சார். மறுபடி பார்க்கணும்."

"நேத்து நீங்கதானே புகழ்ந்தீங்க?"

"என் கையை வெச்சுப் புகழ்ந்துட்டேன்."

ஒரு வாளி சோப்புத் தண்ணீரோடு மைதானத்தில் நின்றார். பெண் வீரர்கள், ஒல்லியான சமிக்ஞைப் பிரிவுக்காரர்கள், கடைசியில் ஸ்டோர் கீப்பர் என எல்லோரும் கையை நனைத்துக்கொண்டு வைக்கோல் பொம்மையைக் குத்தினார்கள். இடி மார்க்கின் தடித்த பிடி பலர் கையில் நழுவியது. கொக்கு மார்க்கின் பிடி மெலிது, முட்டை வடிவம். பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருந்த கைத்தடுப்போ நல்ல அகலம். ஒரு கைகூட முன்னால் ஓடவில்லை. உடும்புப் பிடி.

"மீன் தப்பிக்காது போலிருக்கே," என்றார் ஸ்டோர் கீப்பர் அசட்டுச் சிரிப்போடு.

கொக்கு மார்க்கே வந்தது. இடி மார்க் ஏஜென்ட்டுக்கு வாத்தியாரே போன் செய்தார். "உங்க இரும்புல ஒரு குறையும் இல்ல. பிடியை மட்டும் சின்னக் கைக்கும் செய்யுங்க," என்றார். அந்த மனிதர் கத்தித் தீர்த்தார். இவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பின்னாளில் அதே கம்பெனி மெலிந்த பிடியோடு வந்தபோது, அதையும் வாளியில் நனைத்துப் பார்த்து, அதே தாராளத்தோடு பாராட்டினார்.

"எல்லார் முன்னாடியும் பேச்சை மாத்தினீங்களே, கூச்சமா இல்லையா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"இருந்துச்சு," என்றார். "அதுக்காக அவங்க விரலை வெட்டிக்கணுமா?"

அதன்பிறகு முகாமுக்கு பெல்ட், பூட்ஸ், தோள்பை என எது புதிதாக வந்தாலும், வாத்தியார் அதைத் தான் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் அணியிலேயே குட்டையான ஆளைத் தேடிக் கூப்பிட்டார்.