முப்பத்தொரு இடது முழங்கால்கள்

இன்று முற்பகல் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் அலுவலக மேசையில், நான் எழுதிய கடிதம் ஒன்றை முப்பத்தொரு பிரதிகளாகக் கண்டேன்.

அந்த அதிர்ச்சியிலிருந்து இன்னும் மீளவில்லை. இருப்பினும் எழுதியே ஆகவேண்டும். காரணம் இறுதியில் இருக்கிறது.

மலைநாட்டில், கலஹாவில் போட்டோ கொப்பியும் தட்டச்சும் செய்துகொடுக்கும் கடை என்னுடையது. எட்டாம் வகுப்புடன் பள்ளிக்கூடம் நின்றுபோனது. அரசாங்கச் சுற்றறிக்கைகளைத் தட்டச்சு செய்து செய்தே இந்தத் தமிழைக் கற்றுக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. (மறைப்பானேன்.)

நுளம்பு (கொசுதான்) கடித்து மூட்டுகளை முடக்கும் சிக்குன்குனியா எங்கள் பகுதியில் வீடு வீடாக இறங்கிய நாளிலிருந்து, ஊருக்குக் காய்ச்சல், எனக்கு வியாபாரம்.

வைத்தியசாலையில் கூட்டம் தாங்காததால், மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை, விடுமுறைக் கடிதம் போதும் என்று அந்தத் தொழிற்சாலை அறிவித்திருந்தது. வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகள் நேரே என் கடைக்கு வந்தார்கள்.

முதலில் வந்தவள் புஷ்பா. அவளுக்காக மனமொன்றி எழுதினேன்.

"இடது முழங்காலில் ஏற்பட்டுள்ள தாங்கொணா வேதனை காரணமாகக் கடமைக்குச் சமூகமளிக்க இயலாமையை ஆழ்ந்த வருத்தத்துடன் அறியத்தருகின்றேன்."

எழுதிவிட்டு நானே இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். அவ்வளவு நிறைவு.

அதன்பின் வந்தவர்களுக்கு அதே கடிதத்தைத் திறந்து, பெயரையும் ஊழியர் இலக்கத்தையும் திகதியையும் மட்டும் மாற்றி அச்சிட்டுக் கொடுத்தேன். வாசலில் வரிசை நின்றது. வேதனை எல்லோருக்கும் ஒன்றுதானே என்று எண்ணிவிட்டேன்.

இன்று காலை கடையைத் திறந்ததும் யோகேஸ்வரி வந்து நின்றாள். அதே தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் இருப்பவள்.

"அக்கா, கேட்லயே நிப்பாட்டிட்டாங்க. லெட்டர் பொய்யாம்."

"என்னது?"

"வர்ற வெள்ளிக்கிழமையோட எனக்கு ஆறு மாசம் முடியுது. பேர் நிரந்தரமாகணும். இப்ப போயி பொய் சொல்லி லீவு போட்டேன்னு எழுதிட்டா, வேலையே போயிரும்க்கா."

கடையைப் பூட்டினேன்.

பேருந்தில் நடத்துநர் இல்லை. "அவருக்கும் காய்ச்சல். எறங்குறப்ப காச எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க" என்றார் சாரதி. யோகேஸ்வரி கம்பியைப் பிடிக்காமல் முழங்கையை அதில் கோத்து நின்றாள். ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை.

தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் யாழ்ப்பாணத்துப் பெண் அதிகாரி ஒருவர். உட்காரக் கதிரையைக் காட்டினார். கடிதக் கட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களோ எழுதிக் குடுத்தது?"

"ஆமாங்க மிஸ்."

"நல்ல தமிழ். ஆனா முப்பத்தொரு பேருக்கும் இடது முழங்கால்தான் நோகுதாம். ஒருத்திக்குக்கூட வலது முழங்கால் நோகேல்லையோ? நுளம்பு இடது பக்கம் பாத்துத்தான் குத்துதோ?"

கடிதக் கட்டை என் மடிக்கு இழுத்தேன்.

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இடது முழங்கால். இடது முழங்கால். இடது முழங்கால். யோகேஸ்வரியின் கடிதத்திலும் அதுவே.

"மேல இருக்கிறவை இதை வேலைநிறுத்தம் எண்டு நினைக்கினம். ஆரோ பின்னால நிண்டு எழுதிக் குடுக்கினமாம்."

"பின்னால நின்னது நான்தாங்க மிஸ். சங்கமும் இல்ல, கட்சியும் இல்ல. ஒரு கம்ப்யூட்டரும் பிரின்டரும்தான். பேர மாத்தினேன், வலிய மாத்த மறந்துட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. யோகேஸ்வரியைப் பார்த்தார்.

"உமக்கு எங்க நோகுது?"

"விரல்ல மிஸ்."

"அப்ப முழங்கால் எண்டு ஏன் கையெழுத்து வச்சனீர்?"

"வாசிக்கல மிஸ். அக்கா எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அந்த ஒரு சொல்லுக்கு நான் எங்கே போய் முகத்தை வைப்பது?

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளையும் பேனையையும் அவள் முன் வைத்தார். "என்ன நடந்ததெண்டு நீரே எழுதும். அக்கா வாய் திறக்கக்கூடாது."

(வாய் திறக்காமலிருப்பது எனக்கு எத்தகைய தண்டனை என்பதை நண்பர்கள் அறிவீர்கள்.)

யோகேஸ்வரி பேனையை எடுத்தாள். நழுவிற்று. மறுபடி எடுத்தாள். விரல்கள் மடங்க மறுத்தன. கணுக்கள் வீங்கிப் பளபளத்தன. கடைசியில் இரண்டு விரல்களுக்கிடையே செருகி, மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினாள்.

கோணல்மாணலாக நான்கு வரிகள்.

"மிஸ் வெரல் மடங்கல. ஊசியில நூல் கோக்க முடியல. அதான் வரல. வேலய எடுத்துறாதீங்க."

அதிகாரி தாளைப் பார்க்கவேயில்லை. முதல் வரியிலிருந்தே அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதினது காணும், வையும் பேனையை" என்றார். குரல் மாறியிருந்தது. அவள் பெயரிலிருந்த என் கடிதத்தை அந்தக் கட்டிலிருந்து உருவிவிட்டு, அவ்விடத்தில் அந்தத் தாளை வைத்தார்.

"ஒரு கிழமை வீட்டில இரும் பிள்ளை. உம்மட நிரந்தரக் கடிதம் போகும். அதுக்கு நான் பொறுப்பு."

யோகேஸ்வரி அழுதாள். நானுந்தான்.

பின்பு என்னிடம் திரும்பினார். "மற்ற ஆக்களும் வெள்ளிக்கு முன்னம் சொந்தக் கையால எழுதித் தரட்டும். ஏலாத ஆக்கள் நேர வந்து வாயால சொல்லட்டும், நான் எழுதுறன். நீங்கள் மட்டும் எழுதாதேங்கோ."

இப்பதிவின் நோக்கம் அதுதான். அக்கடிதத்தை என்னிடம் பெற்றுச்சென்ற சகோதரிகளே, இதைக் காணும் எவரும் அவர்களிடம் சொல்லுங்கள்: வெள்ளிக்கிழமைக்கு முன் செல்லுங்கள். தாளும் பேனையும் என் கடையில் இலவசம். நான் கை வைக்கமாட்டேன்.

அந்த அதிகாரிக்கு என் மனமார்ந்த நன்றி.

ஒரேயொரு கவலை மிச்சமிருக்கிறது.

புஷ்பாவுக்கு மெய்யாகவே இடது முழங்கால்தான். அவள் இனி எழுதினால் அதை யார் நம்புவார்கள்?