நாலு சக்கரத்திலும் சாக்பீஸ் கோடு

அழகர்கோவில் சாலையில் ஒரு டிரைவர் பயிற்சி மையம். சோலார், காற்றாலை, சர்வே வேலைகளுக்குப் போகிறவர்களுக்குச் சேற்றிலும் மணலிலும் வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறார்கள். அதற்கு நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வண்டிகள் நாலு தேவைப்பட்டன. பழைய வண்டிகள்தான். எதை வாங்குவது என்று முடிவு செய்கிற பொறுப்பு அங்கே வேலை பார்க்கும் இந்துப்ரியாவுடையது. பத்தொன்பது வண்டிகளைப் பார்த்து மூன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

அவளுடைய அண்ணன் பாண்டியராஜன் எட்டாவதோடு நின்றவன். மாட்டுத்தாவணியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் வகுப்பில் அறுபத்திரண்டு பேரில் ஒரே பெண்ணாகப் படித்துத் தேறிய தங்கையின் மார்க் ஷீட்டை லேமினேட் செய்து, ஆட்டோவில் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறான். கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டுவான்.

நாலாவது வண்டியைச் சொன்னது அவன்தான்.

"கே.கே. நகர் பாலசுந்தரம் சார் வண்டிய விக்கப் போறாராம், பாப்பா. அது நல்ல வண்டி."

இந்துப்ரியா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த வண்டியாண்ணே?"

"வண்டி என்ன பண்ணும்? ஓட்டத் தெரியாதவன் நான்."

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் பாலசுந்தரத்திடம் அவன் டிரைவராக இருந்தான். கார்த்திகை மாதம், அவர் மகன் கார்த்திகேஷுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை அந்தப் பிக்கப்பில்தான் அழைத்துப் போனார்கள். பெண் வீட்டு ஊருக்குள் போகிற பாலத்தில் தண்ணீர் ஓடியதால், கண்மாய்க்கு உள்பக்கமாகப் போகும் தடத்தில் விட்டான். சேற்றில் இறங்கிய வண்டி ஏறவில்லை. முன்சக்கரமும் சேர்ந்து இழுப்பதற்கான ஃபோர் வீல் கம்பியைப் போட்டான். முன்னால் பச்சை விளக்கு எரிந்தது. என்ன செய்தும் பின்சக்கரம் புதைந்துகொண்டே போனது. டிராக்டர் வந்து இழுப்பதற்குள் முகூர்த்தம் தாண்டி இருபது நிமிடம்.

மண்டப வாசலில் அத்தனை பேர் முன்னால் பாலசுந்தரம் சொன்னார்: "வண்டியில ஒரு குறையும் இல்ல. ஓட்டுனவனுக்குத்தான் கை இல்ல."

அன்றே சாவியைக் கொடுத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அவன் சேத்துப் பாண்டி. ஆட்டோ ஸ்டாண்டில் சின்னப் பையன்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். போன வருடம் மையத்தில் பயிற்சி தர ஆள் கேட்டபோது, இந்துப்ரியா அவன் பெயரைச் சொன்னாள். அவன் போகவில்லை. "சேத்துல நிண்டவன் சேத்துல ஓட்டச் சொல்லிக்குடுக்கவா?" என்றான். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அதை நம்பித்தான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கே.கே. நகர் போனார்கள்.

"வாப்பா சேத்துப் பாண்டி, கண்மாய்ப் பக்கம் போகாம நேரா வந்துட்டியா?" பாலசுந்தரம் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. தங்கச்சிக்கும் காபி போடச் சொன்னார்.

வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. இந்துப்ரியா அதைக் கண்டுகொள்ளவில்லை. நாலு பக்கமும் ஜாக்கி கொடுத்து, சக்கரங்கள் தரையில் படாமல் இரும்புத் தாங்கிகளில் நிறுத்தினாள். பிறகு சாக்பீஸ் எடுத்து நாலு டயரிலும் உச்சியில் ஒரு கோடு போட்டாள்.

"எதுக்கும்மா இது? விளக்கு எரிஞ்சா ஃபோர் வீல் விழுந்துருச்சுன்னுதான அர்த்தம்?" என்றார் பாலசுந்தரம்.

"கியர் பெட்டிக்குள்ள விழுந்ததத்தான் விளக்கு காட்டும் சார். சக்கரம் சுத்துதான்னு பாக்கணும். வண்டி ஏமாத்துச்சுன்னா கத்துக்க வாரவன் வண்டியச் சந்தேகப்பட மாட்டான். தன்னையத்தான் சந்தேகப்படுவான்."

பாண்டியராஜன் உள்ளே உட்கார்ந்தான். கம்பியைப் போட்டான். பச்சை விளக்கு எரிந்தது. முதல் கியரில் கிளட்சை விட்டான்.

பின்சக்கரத்துக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் சுழன்றது. முன்சக்கரங்களில் போட்ட கோடுகள் உச்சியிலேயே நின்றன.

இந்துப்ரியா வண்டியை அணைக்கச் சொன்னாள். கோணிச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனாள்.

"அண்ணே, கீழ வந்து பாரு."

முன்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகிற நீளமான இரும்பு ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அது மாட்டுகிற வாயில் பழந்துணி கட்டியிருந்தது. துணிமேல் குளவி மண்கூடு கட்டி, அதுவும் காய்ந்து உதிர்ந்திருந்தது.

திங்கள்கிழமை தவறாமல் காற்று பார்த்தவன், ஆயில் பார்த்தவன், கண்ணாடி துடைத்தவன். நாலு வருடம் ஓட்டிய வண்டிக்கு அடியில் ஒரு தடவைகூட அவன் படுத்துப் பார்த்ததில்லை. அது மெக்கானிக் வேலை என்று இருந்துவிட்டான்.

முதுகு மண்ணைத் தட்டாமலே வெளியே வந்து நின்றான். "சார், முன்னாடி ஷாஃப்ட் இல்லையே."

"அதா? வண்டி எடுத்த ரெண்டாம் வருசமே கழட்டியாச்சு. நீ வேலைக்கு வாரதுக்கு முந்தி. டீசல் அம்புட்டுக் குடிச்சுச்சு. மதுரையில எவன் ஃபோர் வீல் போட்டு ஓட்டுறான்? பரண்ல கிடக்கு, வேணும்னா—"

காபி டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். அது சாய்ந்து விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

"பாண்டி. சத்தியமா அன்னிக்கு எனக்கு அது ஞாபகத்துலயே இல்லப்பா."

பாண்டியராஜனுக்குக் கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒன்றும் வரவில்லை. தலைக்குள் ஏதோ அணைந்தது போல இருந்தது. வேண்டுமென்றே செய்திருந்தால் சண்டை போடலாம். மறந்துபோன ஒன்றுக்காக ஒன்பது வருடம்.

இந்துப்ரியா கைகளைத் துடைத்துக்கொண்டாள். "ஷாஃப்ட்டை இறக்குங்க சார். நான் மாட்டுறேன். முன் அச்சு ஓடாமலே கிடந்திருக்கு, தேய்மானமே இருக்காது. ஆனா சேத்துல ஏறினாத்தான் எடுப்பேன். அதே கண்மாய்த் தடத்துல."

"யாரு ஓட்ட?" என்றார் பாலசுந்தரம்.

அவள் அண்ணன் பக்கம் சாவியை நீட்டினாள்.

வியாழக்கிழமைக்குள் ஆயில் சீல்களை மாற்றி, ஷாஃப்ட்டின் மூட்டுக்குப் புது கிராஸ் போட்டு மாட்டியிருந்தாள். புதன் இரவு பெய்த மழையில் தடம் குழம்பிக் கிடந்தது. பாலசுந்தரம் தானாகவே வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். இந்துப்ரியா கரையில் நின்றாள்.

பாண்டியராஜன் அதே இடத்தில் இறக்கினான். வண்டி அன்றைக்குப் போலவே உட்கார்ந்தது. கம்பியைப் போட்டான், விளக்கு எரிந்தது, கிளட்சை மெதுவாக விட்டான். முன்சக்கரங்கள் ஒரு தரம் சேற்றைக் கிளறிவிட்டுப் பிடித்தன. ஒரு மூச்சுக்குள் வண்டி கரைமேல் நின்றது.

பாலசுந்தரம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நின்றார்.

இந்துப்ரியா ஜன்னலருகே வந்தாள். "நாலாவது வண்டி இதுதாண்ணே. திங்கக்கிழமை மையத்துக்கு நீயே ஓட்டிட்டு வந்துரு. அப்படியே இருந்துரு."

அவன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. ஏறி வந்த தடத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இம்புட்டுத்தானா பாப்பா?" என்றான்.